உயுனி உப்புவெளி: ஒரு ஜீப், ஆறு அந்நியர்கள் (கேள்வி பதில்)

பொலிவியாவின் உயுனி, துபிசா, சுக்ரே போன்ற ஊர்களுக்கு முதுகுப்பையோடு கிளம்புகிறவர்கள் கேட்டவை. விசா கேள்விகளை விட்டுவிட்டேன். விதி அடிக்கடி மாறும். டிக்கெட் போடுமுன் தூதரகத்தில் கேளுங்கள்.

அண்ணா, தனியாகப் போகிறேன். ஜீப்புக்குக் கூட்டாளிகள் எப்படிக் கிடைப்பார்கள்?

கிடைப்பது கஷ்டமே இல்லை, யாரோடு ஏறுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். உயுனியின் நடுத்தெருக்களில் ஏஜென்சிகள் வரிசையாக இருக்கின்றன. கிளம்புவதற்கு முந்தின மாலை போய், நாளைய வண்டியில் எத்தனை பேர், என்ன மொழி பேசுகிறவர்கள் என்று கேளுங்கள், சொல்வார்கள். அவர்களைத் தேடிப் பிடித்து ஒரு காபி குடித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

லேண்ட் குரூசரில் ஓட்டுநர் போக ஆறு பேர்: முன்னால் ஒருவர், நடுவில் மூவர், கடைசியில் இருவர். கடைசி இருக்கையில் கூரை தலையில் இடிக்கும், முட்டி நெஞ்சுக்கு வரும். தினம் இரண்டு முறை இடம் மாறுவோம் என்று ஏறுமுன்பே பேசிக்கொள்ளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும். உயரத்தில் காற்று மெலிவதால் (மலைநோய்) யாருக்காவது உடம்பு மோசமானால் மொத்த வண்டியும் கீழே இறங்கும் என்பதையும் அப்போதே ஒப்புக்கொள்ள வேண்டும். மலைமேல் போனபின் பேசினால், பணம் கொடுத்தவருக்குத் திரும்ப மனம் வராது.

வண்டியைப் பார்க்காமல் பணம் தராதீர்கள். உதிரி டயர் இரண்டு, ஆறு இருக்கைக்கும் பெல்ட், முகமூடியோடு ஆக்சிஜன் சிலிண்டர். ஓட்டுநரிடம் சாராய வாடை வந்தால் ஆறு பேருமே ஏற மறுங்கள். ஆள் குறைந்தால் உங்களை வேறு ஏஜென்சி வண்டியில் மாற்றிவிடுவதும் நடக்கும். பேசிய வழி, தங்கும் இடம், ஆட்கணக்கு எல்லாம் ரசீதில் இருக்கட்டும். வழியில் வரும் சரணாலயத்தின் நுழைவுக்கட்டணம் பெரும்பாலும் தனி, ரொக்கமாக வைத்திருங்கள்.

துபிசா தாழ்வான ஊர். அங்கே தொடங்கினால் உடம்பு மெல்லப் பழகும்தானே?

பலர் இப்படித்தான் ஏமாறுகிறார்கள். துபிசா 3,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே இருப்பது உண்மை. ஆனால் நான்கு நாள் பயணத்தின் முதல் இரவே 4,200 மீட்டரை ஒட்டிய கிராமத்தில் படுக்கவேண்டும். ஊரின் உயரம் கணக்கில்லை, தூங்கும் உயரம்தான் கணக்கு. 3,000 மீட்டருக்கு மேல் ஒரு இரவுக்கும் அடுத்த இரவுக்கும் முடிந்தவரை 500 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது. வழியில்லாமல் ஏறினால் கூடுதல் இரவு தங்கிப் பழகவேண்டும்.

உயுனியில் தொடங்கும் மூன்று நாள் பயணத்தில் முதல் இரவு பெரும்பாலும் உப்புவெளி ஓரத்தில், ஏறக்குறைய 3,700 மீட்டர். இரண்டாம் இரவுதான் லகுனா கொலராதா ஏரிப் பக்கம், 4,300. அடுத்த விடியலில் வெந்நீராவி பீறிடும் சோல் தே மன்யானா, 4,800க்கு மேல்.

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணா. துபிசாவின் சிவந்த மலைகளை விட்டுவிட்டு, ஒன்றுமில்லாத உயுனியில் இரண்டு இரவு எதற்கு?

துபிசாவின் அழகை நான் மறுக்கவில்லை. கடைசி விடியலை உப்புவெளியில் பார்க்கலாம் என்பதும் அந்த வழியின் தனிச்சிறப்பு. பொத்தோசி ஊரில் (4,090 மீட்டர்) ஏற்கெனவே நாலைந்து இரவு தூங்கியவர் துபிசா போனால் தடை சொல்லமாட்டேன். நேராகச் சமவெளியிலிருந்து வருகிறவருக்கு வேண்டாம். அவருக்கு என் வழி: சாந்தா குரூஸில் (சுமார் 400) இறங்கி, சுக்ரேயில் (2,800) நான்கு இரவு, பிறகு உயுனியில் இரண்டு. சுக்ரேயிலிருந்து உயுனிக்கு ஏற்றம் 500 மீட்டரைத் தாண்டும், அதனால்தான் அங்கே இரண்டு இரவு. சுக்ரேயில் ஸ்பானிஷ் வகுப்புகள் ஏராளம், வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவரே ஜீப்புக்கும் வருவார். உயுனியில் ‘வீணான’ அந்த இரண்டு மாலையில்தான் மீதிப் பேரைப் பார்த்துப் பேசப்போகிறீர்கள்.

லா பாஸ் பக்கம் இறங்கி அன்றே உயுனி பஸ் பிடிக்கலாமா?

எல் ஆல்தோ விமான நிலையமே 4,000 மீட்டருக்கு மேல். வேண்டாம். மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கூட வரும் என் அக்கா சைவம். அவருக்குச் சாப்பாடு?

‘கார்னே’ வேண்டாம் என்றால் கோழி வரும். அங்கே கார்னே என்றால் பொதுவாக மாட்டிறைச்சி. முழுதாகச் சொல்லச் சொல்லுங்கள்: “நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ” (இறைச்சி, கோழி, மீன் எதுவும் சாப்பிடமாட்டேன்). சூப்பில் காய்கறி மட்டும் மிதந்தாலும் அடியில் எலும்புச்சாறு இருக்கலாம், நிலக்கடலை சூப்பும் அப்படியே. “கால்தோ தே கார்னே?” (இறைச்சிச்சாறா?) என்று கேட்கவேண்டும். சந்தையில் சோளக்கதிரும் பாலாடைக்கட்டியும், அவகாடோ வைத்த ரொட்டியும் நம்பிக்கையானவை. ஜீப்பில் சாப்பாடு கிளம்புமுன்பே ஏற்றிவிடுவார்கள், அதனால் ரசீதிலும் எழுதி, காலையில் ஓட்டுநரிடமும் சொல்லவேண்டும். வீட்டிலிருந்து பருப்புப்பொடி 200 கிராம் போதும், கினுவாவோடு நன்றாகச் சேரும்.

ஹாஸ்டல் அடுப்பில் துவரம்பருப்பு வேகவே இல்லை என்கிறார்களே?

வேகாது. உயுனியின் உயரத்தில் தண்ணீர் 88 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். “ஓய்யா அ பிரெசியோன்” என்று பிரஷர் குக்கர் கேளுங்கள். இல்லாவிட்டால் ஊறவைத்த மைசூர்ப்பருப்பு, அல்லது இருபது நிமிடத்தில் வேகும் கினுவா.

கோக்கா தேநீர் குடித்தால் மலைநோய் வராதாமே?

தெம்பாக இருக்கும், ஆனால் மெதுவாக ஏறுவதற்கு அது ஈடாகாது. சிறுநீர்ப் பரிசோதனையில் கொக்கைன் என்று காட்டும். இலை, தேநீர்ப்பை, எதையும் இந்தியாவுக்குக் கொண்டுவராதீர்கள். போதைப்பொருள் சட்டத்தில் குற்றம்.

மலைநோய்க்கு மாத்திரை போட்டுக்கொண்டு வேகமாக ஏறலாமா?

மறுபடியும் அதே கேள்வி. அசிட்டசோலமைடு 125 மி.கி., தினம் இரு வேளை, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து, மருத்துவர் சொன்னால் மட்டும். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் முதலில் அவரிடம் சொல்லுங்கள். விரல் மரத்ததுபோல் குறுகுறுக்கும், பயப்படவேண்டாம். தூங்கும் உயரக் கணக்கை அது ரத்து செய்யாது.

மஞ்சள் காய்ச்சல் ஊசி அவசியமா? மலைப்பகுதிக்கு மட்டும்தான் போகிறேன்.

பொலிவியாவிலிருந்து ஆறு நாட்களுக்குள் ஊசி போட்ட அட்டை இல்லாமல் இந்தியா வந்தால் தனிமைப்படுத்துவார்கள். மலைக்கு மட்டும் போனேன் என்பது எடுபடாது. சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்து அட்டை செல்லும், ஆயுள் முழுக்க. கைப்பையில் வையுங்கள்.

எந்த மாதம்?

உப்புவெளியில் மழைநீர் தேங்கி வானம் கண்ணாடிபோல் தெரியவேண்டுமானால் ஜனவரி முதல் மார்ச், ஆனால் கள்ளித்தீவு இன்காவாசிக்கு வண்டி போகாமல் போகலாம். காய்ந்த வெண்தரைக்கு மே முதல் அக்டோபர். ஜூன், ஜூலை இரவுகளில் மைனஸ் 15க்கும் கீழே போகும், ஏஜென்சியில் ஸ்லீப்பிங் பேக் வாடகைக்கு எடுங்கள்.

மாச்சு பிச்சு எத்தனை நாள்?

அது பெரு. இங்கே வேண்டாம்.

நடுஇரவில் கூட வந்தவருக்கு மோசமானால் எப்படித் தெரியும்?

குதிகாலை மறுகால் விரலோடு ஒட்டி வைத்து, நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், பேச்சு குழம்பினால், சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், விடியும்வரை காத்திருக்கக்கூடாது. தூங்கி எழுந்தால் சரியாகும் என்று விடுவதுதான் உயிரை எடுக்கும். ஆக்சிஜனை வைத்து, ஓட்டுநரை எழுப்புங்கள். அவரிடம் சொல்ல இரண்டே சொல்: “பாஹார், யா.” இறங்கணும், இப்பவே.