18 ஒற்றைக் கொடிகள்

கேள்வி: 2023 ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்து இறுதியாட்டத்தில் பிரிஸ்பேன் 13 கோல், காலிங்வுட் 12 கோல். கோப்பை மட்டும் காலிங்வுட்டுக்கு! வீணாய்ப் போன உதைக்கெல்லாம் புள்ளி கொடுப்பது என்ன நியாயம்? அந்த ஆண்டு மற்ற அணிகள் எப்படி?

பதில்: வீணா? அந்தச் சொல்லை முதலில் வாபஸ் வாங்குங்கள். அங்கே கோல் பக்கம் நான்கு கம்பங்கள். நடுவில் உள்ள இரண்டுக்குள் உதைத்தால் 6 புள்ளி. நடுவர் இரண்டு கொடி ஆட்டுவார். கொஞ்சம் விலகி ஓரக் கம்பத்துக்குள் போனால் ‘பிஹைண்ட்’. 1 புள்ளி, ஒற்றைக் கொடி. நெருக்கடி தாங்காமல் எதிரணியே பந்தை அங்கே தட்டிவிடுவதும் உண்டு, அதற்கும் 1. வாசல் வரை வந்தவனை வெறுங்கையோடு அனுப்பாத ஆட்டம் அது. காலிங்வுட்டுக்கு ஒற்றைக் கொடி 18 முறை ஆடியது, பிரிஸ்பேனுக்கு 8. ஆக, 90-க்கு 86.

கணக்குத் தாளிலும் நான் வருஷக்கணக்காகக் கேட்பது இதைத்தான். முக்கால் பக்கம் சரியாகப் போட்டுவிட்டு கடைசிக் கூட்டலில் சறுக்கிய பிள்ளைக்கு முட்டை போடுகிறவர்களோடு எனக்கு ஒருநாளும் ஒத்துவராது. அடி பிறழாமல் வந்த ஒவ்வொரு வரிக்கும் மார்க் உண்டு. இதற்காக இந்தப் பக்கத்தில் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன், இன்னும் போடுவேன்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். இறுதிக்கு முந்தைய சுற்றில் காலிங்வுட்டும் ஜி.டபிள்யூ.எஸ். (கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி) அணியும் ஆளுக்கு 8 கோல். 10 பிஹைண்டுக்கு 9. அந்த ஒரே ஒரு கொடியில் 58-57! ஆனால் அதற்கும் முன்னால் மெல்போர்ன் 11 பிஹைண்ட் எடுத்தும் காலிங்வுட்டிடம் 53-60 என்று தோற்றது. கோலும் வேண்டும், மறுக்கவில்லை. இந்த மூன்று ஆட்டங்களையும் கூட்டினால் காலிங்வுட்டின் முன்னிலை மொத்தமே 12 புள்ளி.

மற்றவர்களா? முந்தைய ஆண்டு சாம்பியன் ஜீலாங் 12-ஆம் இடத்துக்குச் சரிந்தது. வெஸ்ட் கோஸ்ட் மூன்றே வெற்றியோடு கடைசி. சிட்னியிடம் 171 புள்ளி வித்தியாசத்தில் உதை வாங்கியது. கார்ல்டன்தான் என் செல்லம். பாதிப் பருவம் பள்ளத்தில் கிடந்துவிட்டு, தொடர்ந்து ஒன்பது ஆட்டம் ஜெயித்து, இறுதிக்கு முந்தைய சுற்று வரை வந்தது.

பிரிஸ்பேனுக்காக வருத்தப்படாதீர்கள். 2024 இறுதியில் சிட்னியை 120-60 என்று வென்றார்கள். அன்று 18 கோல். கூடவே 12 ஒற்றைக் கொடி.