ஸ்டார்ட் ஆகாத விர்ச்சுவல் மெஷின்

கேள்வி: பழைய கம்ப்யூட்டரில் ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே கம்ப்யூட்டருக்குள் பல விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது மென்பொருளால் உருவாகும் கம்ப்யூட்டர்களை, ஓட்டும் மென்பொருள்) போட்டேன். விர்ச்சுவல் மெஷினை ஸ்டார்ட் செய்தால், கேவிஎம் கிடைக்கவில்லை என்று பிழை காட்டுகிறது. வேறு மென்பொருளுக்கு மாறிவிடவா?

பதில்: அவசரப்படாதீர்கள். கேவிஎம் என்பது சிபியுவின் உதவியோடு விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் வசதி. அது 2007-லேயே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் வந்துவிட்டது, ப்ராக்ஸ்மாக்ஸ் அதன் மேல்தான் ஓடுகிறது, அதனால் கேவிஎம்மை நம்பும் வேறு எதற்கு மாறினாலும் இதே இடத்தில்தான் நிற்பீர்கள். கோளாறு பெரும்பாலும் பயாஸில், அதாவது கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளின் செட்டிங்கில். ரீஸ்டார்ட் செய்து உள்ளே போங்கள். கேவிஎம்முக்குத் தேவையான சிபியு வசதிதான் இது: இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்று ஒரு வரி சிபியு செட்டிங்கில் எங்காவது ஒளிந்திருக்கும், அது 'டிசேபிள்டு' என்றிருந்தால் 'எனேபிள்டு' ஆக்கி, சேவ் செய்து, பவரை முழுக்க அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். அப்புறம், ரேம் 8 ஜிபிதான் என்றால், டிஸ்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் முறையாக (ஃபைல் சிஸ்டம்) இசட்எஃப்எஸ் வேண்டாம். கேஷுக்கே (அடிக்கடி தேவைப்படும் தரவைக் கைவசம் வைத்திருக்க) அது ரேமைக் கணிசமாக எடுத்துக்கொள்ளும், எக்ஸ்ட்4 போதும்.