சோடியத்தைவிடப் பொட்டாசியம் தண்ணீரில் ஏன் இவ்வளவு ஆட்டம் போடுகிறது?

தனிம அட்டவணையில் எல்லாம் ஒரே தொகுதிதான். ஆனாலும் லித்தியம் மெல்லக் குமிழி விடுகிறது, சோடியம் ஓடுகிறது, பொட்டாசியம் தீயே பிடிக்கிறது. ஏன் என்பதுதானே கேள்வி?

எங்கள் காரைக்குடிப் பக்கத்து வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அணுக்கரு பின்கட்டு அடுப்படியில், கடைசி எலக்ட்ரான் முகப்புத் திண்ணையில். கட்டு, அதாவது அணுவில் எலக்ட்ரான் கூடு, கூடக்கூட, உள்ளிருந்து கூப்பிடும் குரல் திண்ணைக்கு எட்டாது. அந்த எலக்ட்ரானைப் பிரிக்க லித்தியத்துக்கு மோலுக்கு (அணுக்களை எண்ணும் அளவு) 520 கிலோஜூல் வேண்டும். சோடியத்துக்கு 496, பொட்டாசியத்துக்கு 419 போதும்.

பாடப்புத்தகம் இத்தோடு முடித்துவிடும், அதுதான் எனக்குக் குறை. மோலுக்கு வெளிவரும் வெப்பத்தைப் பார்த்தால் லித்தியம் சோடியத்தை மிஞ்சும்! ஆனால் அது உருக 180 டிகிரி வேண்டும். சோடியம் 98-இலும் பொட்டாசியம் 63-இலும் உருகிவிடும். பள்ளி ஆய்வகத்தில் மண்ணெண்ணெய்ப் புட்டியிலிருந்து எடுத்து வெட்டிய சோடியம், மிளகளவுதான். வெட்டிய முகம் வெள்ளியாய் மின்னி, பார்க்கும்போதே மங்கியது. தண்ணீரில் போட்டதும் உருகி உருண்டு, உஸ்ஸென்று ஓடியது. காரம் பட்டால் நிறம் காட்டும் பினாப்தலீன் தண்ணீரில் கலந்திருந்ததால் ஓடிய தடமெல்லாம் ரோஸ் நிறம். லித்தியம் கட்டியாகவே கிடப்பதால் இந்த ஓட்டம் அதற்கு வாய்ப்பதில்லை.

வெடிப்புக்கு ஹைட்ரஜன் எரிவது மட்டும் காரணமில்லை. 2015-இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் பார்த்தார்கள்: எலக்ட்ரான்கள் சட்டென்று தண்ணீருக்குள் பாய, எஞ்சிய நேர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ள, சோடியம்-பொட்டாசியம் கலவையின் திரவத் துளியிலிருந்து ஒரு மில்லிநொடிக்குள்ளேயே உலோக முட்கள் சீறிக் கிளம்பின.