திடீர், அபார, அசுர: எதை எங்கே எழுதுவது?

கேள்வி: குறுகிய காலத்தில் பெரிய வெற்றி பெற்றவர்களைப் பற்றி எழுதும்போது 'திடீர் வளர்ச்சி', 'அபார வளர்ச்சி', 'மின்னல் வேக வளர்ச்சி' என்று மாற்றி மாற்றிப் போடுகிறேன். மூன்றும் ஒன்றுதானே?

பதில்: ஒன்றல்ல. 'திடீர்' எதிர்பாராமையைச் சொல்கிறது. 'மின்னல் வேக' வேகத்தைச் சொல்கிறது. 'அபார' அளவைச் சொல்கிறது. 'பார' என்பது வடமொழியில் அக்கரை. அக்கரை காணமுடியாத அளவுக்குப் பரந்ததே 'அபாரம்'. அதில் வேகம் என்ற பொருளே இல்லை. அதனால்தான் 'இருபது ஆண்டு உழைப்பில் அந்த நூலகம் அபார வளர்ச்சி பெற்றது' என்பது சரியாக நிற்கிறது. அதே இடத்தில் 'திடீர்' போட்டால் வாக்கியம் தன்னையே மறுக்கும். இருபது ஆண்டு உழைப்பில் வந்தது எப்படித் திடீராகும்?

மூன்றுக்கும் பொருத்தமான வாக்கியங்கள்:

'முதல் சுற்றுகளில் கடைசி இடத்தில் இருந்த அணி, திடீர் எழுச்சி பெற்றுக் கோப்பையை வென்றது.'
'எழுத்தராகச் சேர்ந்தவர் மின்னல் வேகத்தில் முன்னேறி மேலாளரானார்.'
'முதல் தேர்தலிலேயே அபார வெற்றி பெற்றார்.'

அளவு, வேகம் இரண்டையும் சொல்ல வேண்டுமானால் இரண்டு அடைமொழிகளை அடுக்காதீர்கள். வேகத்தைச் சொல்லும் வேலையைக் காலத்தைக் குறிக்கும் சொல்லிடம் விட்டுவிடுங்கள்: 'இரண்டே ஆண்டுகளில் அபார வளர்ச்சி.' இங்கே பாதி வேலையைச் செய்வது ஏகாரம். 'இரண்டு ஆண்டுகளில்' என்பது வெறும் தகவல். 'இரண்டே ஆண்டுகளில்' என்றதும் வியப்பு வந்துவிடுகிறது. 'ஒரே' என்ற சொல்லில் மட்டும் கவனம் தேவை. 'இருவரும் ஒரே ஆண்டில் புகழ் பெற்றனர்' என்றால் ஓராண்டுக்குள் பெற்றார்களா, இருவருக்கும் அது ஒரே வருடத்தில் நடந்ததா என்று வாசகர் தடுமாறுவார். 'ஓராண்டுக்குள்ளேயே' என்று எழுதினால் குழப்பம் தீரும்.

கேள்வி: பள்ளி மலரில் ஒரு மாணவியைப் பாராட்டி 'அசுர வளர்ச்சி கண்டுள்ளார்' என்று எழுதியிருந்தார்கள். உறுத்தியது. தவறா?

பதில்: இலக்கணப்படி தவறில்லை, பொருத்தத்தில் தவறு. 'அசுர' என்ற அடை வேகத்தோடு ஓர் அச்சத்தையும் கொண்டுவரும். நகரம், தொழில், தொழில்நுட்பம் போன்ற பெரிய பொருள்களுக்கு அது பொருந்தும். 'காட்டுத்தீ அசுர வேகத்தில் பரவியது' என்பதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. ஒரு குழந்தையின் படிப்புக்கு 'வியக்கத்தக்க முன்னேற்றம்' போதும்.

'திடீர்' என்பதும் மனிதர்மேல் ஏறும்போது நிறம் மாறும். 'திடீர்ப் பணக்காரர்' என்பதில் பாராட்டு இல்லை, சந்தேகம்தான் இருக்கிறது. 'திடீர்ப் புகழ்' என்றால் அது நிலைக்காது என்ற குறிப்பும் கூடவே வரும். மனமாரப் பாராட்டும் இடத்தில் இதைத் தவிர்ப்பதே நல்லது.

கேள்வி: கிடுகிடு, மளமள, விறுவிறு மூன்றையும் வெற்றிக்குப் பயன்படுத்தலாமா? ஒற்று எங்கே மிகும்?

பதில்: பயன்படுத்தலாம், இடம் அறிந்து. எண்ணால் அளக்கக்கூடியவற்றுக்குக் 'கிடுகிடு' வரும்: விலை, வெப்பம், பார்வையாளர் எண்ணிக்கை. ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்வதற்கும் தீர்வதற்கும் 'மளமள': 'பிரதிகள் மளமளவென விற்றுத் தீர்ந்தன.' நடந்துகொண்டிருக்கும் செயலுக்கு 'விறுவிறு'. ஆகவே 'விறுவிறு விற்பனை' உண்டு, 'விறுவிறு வெற்றி' இல்லை. கிடுகிடுவும் மளமளவும் ஏற்றம், இறக்கம் இரண்டுக்கும் பொது என்பதால் 'மதிப்பு மளமளவென மாறியது' என்று நிறுத்தினால் மேலா கீழா என்று தெரியாது. வினை அதைச் சொல்லியாக வேண்டும்: கூடியது, சரிந்தது.

ஒற்று: 'என' வந்தால் மிகும் (மளமளவெனக் கூடியது). 'என்று' வந்தால் மிகாது (மளமளவென்று கூடியது). அதேபோல 'வேகமாகப் பரவியது' என்பதில் மிகும். 'வேகமான பரவல்' என்பதில் மிகாது.

கேள்வி: 'அவர் புகழ் திடீர் வளர்ந்தது' என்று எழுதலாமா?

பதில்: கூடாது. 'திடீர்' பெயருக்கு முன்னால்தான் நிற்கும்: திடீர் வளர்ச்சி. வினைக்கு முன்னால் 'திடீரென்று' அல்லது 'திடீரென' வேண்டும். இவற்றோடு 'மிக'வும் சேராது. 'மிகத் திடீர்', 'மிக அபார' இரண்டும் பிழையான அடுக்கு.

கேள்வி: 'எரிநட்சத்திரம் போல உயர்ந்தார்' என்ற உவமை சரியா?

பதில்: எரிநட்சத்திரம் விழுவது, உயர்வுக்கு ஒட்டாது. சில நொடி ஒளிவிட்டு அணைந்துபோவதும் அதன் இயல்பு. ஒரே படைப்போடு காணாமற்போனவரைப் பற்றி 'எரிநட்சத்திரம் போல ஒளிர்ந்து மறைந்தார்' என்று எழுதுங்கள், அழகாகப் பொருந்தும்.

கேள்வி: 'அந்த நிறுவனம் படிப்படியாக மின்னல் வேகத்தில் திடீர் வளர்ச்சி அடைந்தது.' திருத்தித் தருவீர்களா?

பதில்: படிப்படியாக நடந்தது மின்னல் வேகத்தில் நடந்திருக்க முடியாது, இரண்டில் எது உண்மை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வேகம்தான் உண்மையென்றால்: 'அந்த நிறுவனம் மூன்றே ஆண்டுகளில் மளமளவென வளர்ந்தது.' நிதானம்தான் உண்மையென்றால்: 'அந்த நிறுவனம் படிப்படியாக வளர்ந்து அபார வெற்றி பெற்றது.'