ஐசியின் இரண்டு பக்கத்தையும் வாட்சப்பில் கேட்டால் அனுப்பலாமா?

கேள்வி: கொழும்பில் மகளை டியூஷன் வகுப்பில் சேர்க்கப் போனேன். என் தேசிய அடையாள அட்டையின் (ஐசி) இரண்டு பக்கத்தையும் மகளின் பிறப்புச் சான்றிதழையும் படமெடுத்து வாட்சப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். மற்றப் பெற்றோர் எல்லாரும் அனுப்பிவிட்டார்களாம். நான் மட்டும் தயங்குவது அளவுக்கு மிஞ்சிய பயமா?

இல்லை, உங்கள் தயக்கம் சரியானது. அனுப்பாதீர்கள். ஒரு ஐசிப் படத்தால் எங்கள் வீட்டில் நான்கு மாதம் நிம்மதி இல்லாமல் போனது, அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

2023இல் வெள்ளவத்தையில் வீடு மாறுவதற்காகத் தேடிக்கொண்டிருந்தோம். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் எந்த ஃபிளாட்டைப் பார்ப்பதென்றாலும் இடையில் ஒரு புரோக்கர் இருப்பார். அவர்களில் ஒருவர், வீட்டைக் காட்டுவதற்கு முன்பே, உரிமையாளர் கேட்கிறார் என்று சொல்லி ஐசிப் படம் கேட்டார். நான் வேலையில் இருந்தேன். அம்மா தன்னுடைய அட்டையை முன்னும் பின்னும் படமெடுத்து அனுப்பிவிட்டார். அந்த வீடு சரிவரவில்லை. படத்தைப் பற்றி நாங்கள் மறந்தே போனோம்.

ஆறேழு மாதம் கழித்து அம்மாவின் ஃபோனுக்கு ஒரு அழைப்பு. ஒன்லைனில் எடுத்த 40,000 ரூபாய்க் கடனுக்குத் தவணை கட்டவில்லையாம். அம்மாவுக்கு அப்போது 66 வயது. ஏடிஎம்மில் காசு எடுக்கவே என்னைக் கூட்டிக்கொண்டு போகிறவர். யாரோ நம்பர் மாறி எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துவிட்டார். அடுத்த நாள் அவருடைய ஐசி இலக்கத்தை ஒவ்வொரு எண்ணாக வாசித்துக் காட்டினார்கள். பிறகு எங்கள் பழைய முகவரியையும் சொன்னார்கள். அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை. "ஒரு சதம் கடன் வைக்காமல் இருந்தனான் தம்பி, இப்ப எங்கட பேரை இப்பிடிக் கதைக்கிறாங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். காசைவிட அந்த அவமானம்தான் அவரை உலுக்கியது.

பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் பிரதியை எடுத்தோம். கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் மூன்று விஷயம் கேட்டோம்: விண்ணப்பத்தோடு வந்த செல்ஃபி, விண்ணப்பித்த ஃபோன் இலக்கம், காசு போன வங்கிக் கணக்கு. மூன்றில் ஒன்றுகூட அம்மாவுடையது இல்லை. அட்டைப் படம் மட்டும்தான் அவருடையது. கடைசியில் கடனை அவர் பெயரிலிருந்து நீக்கிக் கடிதம் தந்தார்கள். அதற்குள் நான்கு மாதம் ஓடிவிட்டது. படத்தைப் பயன்படுத்தியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அந்தப் புரோக்கர்தான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது. அவரிடமிருந்து அது எத்தனை ஃபோனுக்குப் போனதோ! ஒரு படம் கையைவிட்டுப் போனால் அதன் பாதையைக் கண்டுபிடிக்க வழியில்லை என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன்.

ஐசி இலக்கம் வெறும் வரிசை எண் என்று பலர் நினைக்கிறார்கள். 12 இலக்க எண்ணை எடுத்துப் பாருங்கள். முதல் நான்கும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 சேரும். ஜனவரி 10 பிறந்த ஆணுக்கு 010, பெண்ணுக்கு 510. பழைய ஒன்பது இலக்க எண்ணிலும் இதே கணக்குத்தான், வருடத்துக்கு இரண்டு இலக்கம் மட்டும். ஆகவே இலக்கத்தைச் சொன்னாலே உங்கள் பிறந்த நாளும் ஆணா பெண்ணா என்பதும் போய்விடுகிறது. அட்டையின் இரண்டு பக்கமும் சேர்ந்தால் முகம், முழுப்பெயர், பிறந்த இடம், முகவரி எல்லாம் ஒரே படத்தில் வந்துவிடும். இவ்வளவு சொல்லும் ஒரு எண்ணைத்தான் பல இடங்களில் மின்னஞ்சலில் அனுப்பும் பிடிஎஃப் கோப்புக்குக் கடவுச்சொல்லாகவும் வைக்கிறார்கள். கடவுச்சொல் களவுபோனால் மாற்றலாம். பிறந்த திகதியை எப்படி மாற்றுவது?

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் கேட்டவுடன் நீட்டுகிறோம்? எல்லாரும் அனுப்பிவிட்டார்களாம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று யோசித்தேன்.

கொழும்பில் வாழ்ந்த தமிழர்களுக்கு ஐசி சாதாரணக் காகிதமாக இருந்ததில்லை. யுத்த காலத்தில் அப்பா வீட்டைவிட்டு இறங்கும்போது அம்மா கேட்கும் முதல் கேள்வி, ஐசி இருக்கா என்பதுதான். குடை, சாப்பாட்டுப் பார்சல் எல்லாம் அதற்குப் பிறகு. சோதனைச் சாவடியில் அட்டையைப் பார்ப்பவர் பிறந்த இடத்தை ஒருமுறை வாசிப்பார், பிறகு உங்கள் முகத்தைப் பார்ப்பார். வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்ற பொலிஸ் பதிவுத் தாள் ஐசிகளோடு ஒரே பிளாஸ்டிக் உறையில், கதவுக்குப் பக்கத்து அலுமாரியில் இருந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழரை பஸ்களில் ஏற்றி வெளியே அனுப்பினார்கள். அடுத்த நாளே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தும்படி உத்தரவிட்டது. ஆனாலும் அந்த வாரம் எங்கள் ஒழுங்கையில் யாரும் கதவைத் திறந்து வைக்கவில்லை.

அப்படி வாழ்ந்த ஒருவரிடம் போய், ஐசி கேட்டால் எதற்கென்று கேளுங்கள் என்று சொல்வது சுலபமில்லை. கேட்டவுடன் கொடுப்பதுதான் அம்மாவுக்குப் பாதுகாப்பாக இருந்தது. தயங்கினால் சந்தேகம் வரும். அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிவிட்டது. பொலிஸ்காரர் கேட்டாலும் சரி, வீட்டுப் புரோக்கர் கேட்டாலும் சரி, ஒரே வேகத்தில் கை பையைத் திறக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் யுத்தம் முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும், பிள்ளையின் டியூஷன் வகுப்புக்குக்கூட நாம் அதே பயத்தோடு அட்டையை நீட்ட வேண்டுமா என்பதுதான் என் ஆதங்கம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதன் அடிப்படை எளிமையானது. ஒருவருடைய தகவலை எடுப்பவர் எதற்காக எடுக்கிறார் என்று சொல்ல வேண்டும், அந்த வேலைக்குத் தேவையான அளவுதான் எடுக்க வேண்டும், தேவை முடிந்ததும் வைத்திருக்கக் கூடாது. பிள்ளைகளின் தரவை அது விசேட வகையாகவே பார்க்கிறது. மீறினால் ஒரு தடவைக்கு ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் இடம் வைத்திருக்கிறது. ஆனால் சட்டம் கட்டம் கட்டமாகத்தான் நடைமுறைக்கு வருகிறது. 2025 மார்ச்சில் தொடங்கவிருந்த முக்கியமான பகுதிகளையும் பின்போட்டார்கள். இது எனக்குக் கோபம் தருகிறது. தயாராக நேரம் வேண்டுமென்று நிறுவனங்கள் கேட்பது புரிகிறது. அந்த இடைவெளியில் அம்மாவைப் போன்றவர்களின் படங்கள் ஊரெல்லாம் சுற்றுகின்றனவே, அந்த நேரத்தை யார் திருப்பித் தருவது? ஆனாலும் அந்தச் சட்டத்தின் கேள்விகளை நாமே கேட்பதற்கு எந்த வர்த்தமானி அறிவித்தலும் தேவையில்லை.

யாருக்கும் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வங்கி கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல்கள் அறிக்கையிடல் சட்டத்தின் கீழ், வாடிக்கையாளர் யாரென்று உறுதிசெய்வது அவர்களின் கடமை. சிம் எடுக்கும்போதும் அப்படித்தான். 2022இல் எரிபொருளுக்கு கியூஆர் முறை வந்தபோது ஐசி இலக்கம் கேட்டார்கள், அதற்கும் காரணம் கண்முன்னே இருந்தது. பெட்ரோல் இல்லாத நாட்டில் ஒருவர் இரண்டு பங்கு எடுக்கக் கூடாது. ஒரு கட்டடத்தின் வாசலில் இருக்கும் செக்யூரிட்டி அட்டையை வாங்கி மேசை லாச்சியில் போட்டுவைப்பதற்கு அப்படி என்ன காரணம் இருக்கிறது? நான் இப்போதெல்லாம் கையில் பிடித்தபடி காட்டுகிறேன். பெயரையும் ஃபோன் இலக்கத்தையும் புத்தகத்தில் எழுதுகிறேன். பெரும்பாலும் அதோடு விட்டுவிடுகிறார்கள். ஓரிரு இடத்தில் முறைத்தார்கள், அவ்வளவுதான்.

பிரதி கொடுத்தே ஆகவேண்டிய இடத்தில் நான் செய்வது இது. காசோலைக்குக் கோடு போடுவதுபோலப் பிரதியின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் காரணத்தையும் திகதியையும் பேனாவால் எழுதிவிடுவேன். 'வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்' என்றால் அவ்வளவுதான். எழுத்து முகத்தின் மீதும் இலக்கத்தின் மீதும் கொஞ்சம் பட வேண்டும், ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடலாம். ஃபோனில் அனுப்புவதென்றாலும் வெறும் அட்டையைப் படமெடுக்காமல், இப்படி எழுதிய பிரதியைத்தான் படமெடுத்து அனுப்புவேன். வேலை முடிந்ததும் அவர்களிடம் சொல்லி அழிப்பிக்கிறேன். சொன்னால் நிச்சயம் அழிப்பார்களா என்றால், அதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால்தான் எழுத்து முக்கியம்.

அப்புறம் நம்முடைய கொமியூனிகேஷன் கடைகள். போட்டோ கொப்பி எடுக்கப் போனால், "வாட்சப்பில் போடுங்க அண்ணா" என்பார்கள். நாமும் போடுவோம். அந்தக் கடை ஃபோனில் எத்தனை பேருடைய ஐசி, பாஸ்போர்ட், காணி உறுதி கிடக்கும் என்று ஒருநாள் யோசித்துப் பாருங்கள். கடைக்காரப் பெடியனுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல் இருக்கலாம். அந்த ஃபோன் தொலைந்தால்? நான் அட்டையையே கொண்டுபோய், கண்ணெதிரே பிரதி எடுத்து, கறுப்பாக விழுந்து வீணான தாளையும் கேட்டு வாங்கி வருகிறேன். ஒருமுறை காலிமுகத்திடலில் கடலை வாங்கினேன். சுருளைப் பிரித்துப் பார்த்தால் அது யாரோ நிரப்பிய விண்ணப்பப் படிவம். பெயர், முகவரி, ஐசி இலக்கம், கையெழுத்து எல்லாம் இருந்தன. அந்த மனிதர் எந்த அலுவலகத்தின் வரிசையில் காத்து நின்று அதைக் கொடுத்தாரோ! வீட்டுக்குக் கொண்டுவந்து எரித்தேன்.

ஏற்கெனவே பல இடத்தில் கொடுத்துவிட்டீர்கள் என்றால் இரண்டு காரியம் செய்யலாம். உங்கள் ஐசியில் எத்தனை சிம் பதிவாகியிருக்கிறது என்று ஃபோன் நிறுவனங்களிடம் கேளுங்கள். உங்கள் பெயரில் தெரியாத கடன் ஏதும் இருக்கிறதா என்று கிரிப் அறிக்கை எடுத்துப் பாருங்கள். கடன் தகவல் பணியகத்திடமிருந்து தன்னுடைய அறிக்கையை யாரும் பெறலாம். அம்மாவுக்கு நான் எடுத்துப் பார்த்தேன், அந்தக் கடன் மட்டும்தான். அந்தத் தாளை அவரிடம் வாசித்துக் காட்டியபோதுதான் அவர் முகம் தெளிந்தது.

இப்போது கைரேகை, கருவிழிப் பதிவோடு டிஜிட்டல் அடையாள அட்டை வரப்போகிறது. இந்திய உதவியோடு வேலை நடக்கிறது. என் கருத்தை நேராகச் சொல்கிறேன். பிரதியே கொடுக்காமல், இவர் இவர்தான் என்று மட்டும் உறுதிசெய்ய அது வழிவிடுமானால் நான் முதல் ஆளாகப் போய்ப் பதிவேன். ஆனால் தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழுதாக இயங்கத் தொடங்கிய பிறகே கருவிழியைக் கேட்க வேண்டும். முதலில் பூட்டு, பிறகு பெட்டகம். இதில் அவசரம் காட்டக் கூடாது.

உங்கள் டியூஷன் விஷயத்துக்கு வருகிறேன். மகளின் பெயர், வகுப்பு, உங்கள் பெயர், அவசரத்துக்கு அழைக்க இரண்டு ஃபோன் இலக்கம். ஒரு வகுப்புக்கு இதற்குமேல் எதுவும் தேவையில்லை. வயதை உறுதிசெய்ய வேண்டுமென்றால் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கையைக் காட்டலாம். பிறப்புச் சான்றிதழின் பழைய படிவத்தை எடுத்துப் பாருங்கள். தாய் தகப்பனின் இனம், அவர்கள் விவாகமானவர்களா என்பதுவரை அதில் இருக்கிறது. கணிதம் சொல்லிக்கொடுக்கிறவருக்கு அது எதற்கு?

வாட்சப்பில் மறுத்து எழுதாதீர்கள், எழுத்தில் அது சண்டைபோலத் தெரியும். நேரில் போங்கள். "சேர், ஐசி கொண்டு வந்திருக்கிறேன், பாருங்கோ. படம் மட்டும் தரமாட்டன், எங்களுக்குத் தெரிஞ்ச வீட்டில ஒரு பிரச்சினை வந்தது" என்று சொல்லுங்கள். எங்கள் கதையையே வேண்டுமானாலும் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த ஆசிரியரும் ஏன் கேட்கிறோம் என்று யோசிக்காமல், வேறு யாரோ போட்ட படிவத்தைப் பார்த்துத்தான் கேட்டிருப்பார். அதற்குப் பிறகும் படம் தந்தால்தான் சேர்ப்பேன் என்றால், வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் வேறு வகுப்புகள் நிறைய இருக்கின்றன. நான் என் பிள்ளைக்கு வேறு இடம்தான் பார்ப்பேன்.