அக்சுவரி ஆவதற்கு எந்தப் பட்டம்?

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் தோற்றிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறாள். பொறியியல் கிடைக்காவிட்டால், கொழும்பில் ஒரு தனியார் நிறுவனம் நடத்தும் "இடர் முகாமைத்துவம், காப்புறுதி, அக்சுவரியல் விஞ்ஞானம்" என்ற வெளிநாட்டுப் பட்டத்தில் சேர விரும்புகிறாள். செலவுக்கு வளவில் ஒரு பகுதியை விற்க வேண்டிவரும். வீடு வீடாகப் போய் ஆள் சேர்க்கும் வேலைக்கு ஏன் இவ்வளவு காசு என்று உறவினர்கள் கேட்கிறார்கள். தங்கள் கருத்து என்ன?

உவர்மலை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தங்கள் மகளின் விருப்பம் நல்ல விருப்பம். ஆனால் வளவை இப்போதைக்கு விற்க வேண்டாம்.

உறவினர்கள் சொல்வது காப்புறுதி முகவரின் வேலை. அதுவும் மதிப்பான தொழிலே. அக்சுவரியின் வேலை வேறு. 40 வயதில் இருக்கும் 1,000 பேர் ஆயுள் காப்புறுதி எடுக்கிறார்கள், அந்த ஆண்டில் அவர்களுள் 3 பேர் இறக்கக்கூடும் என்று வைத்துக்கொள்வோம். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் கொடுப்பதானால், செலவுகள் நீங்கலாக ஒவ்வொருவரும் 3,000 ரூபாய் கட்ட வேண்டும். இதையே முப்பது ஆண்டுகளுக்கு, ஏறும் வயதையும் மாறும் வட்டியையும் சேர்த்துக் கணிப்பவர்தான் அக்சுவரி.

இனி 1,000 மீன்பிடிப் படகுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு படகின் இயந்திரம் பழுதாவதற்கும் அடுத்த படகுக்கும் தொடர்பில்லை. ஆகவே மேற்சொன்ன கணக்கு ஓரளவு பொருந்தும். ஆனால் 2004 டிசம்பர் 26 காலையில் கொட்டியாரக் குடாவிலிருந்து குச்சவெளி வரை கரையில் கிடந்த படகுகளுக்கெல்லாம் ஒரே அலைதான் வந்தது. நட்டங்கள் ஒன்றாகச் சேர்ந்து வரும்போது சராசரி உதவாது. எவ்வளவு நிதியை ஒதுக்கிவைப்பது, எவ்வளவு பாரத்தை மறுகாப்புறுதி (காப்புறுதி நிறுவனங்கள் தமக்கே எடுக்கும் காப்புறுதி) மூலம் நாட்டுக்கு வெளியே பகிர்வது என்று முன்கூட்டியே முடிவெடுப்பது இடர் முகாமைத்துவம். சூறாவளியும் வெள்ளமும் கண்ட நம் திருகோணமலை மாவட்டத்தில் பிறந்த பிள்ளைகள் இந்தக் கல்விக்குள் போக வேண்டும் என்று நான் மனதார விரும்புவது இதனால்தான்.

கணக்குப் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் வெளியூர் உதாரணம் தேவையில்லை. 1987இல் சட்டத்தால் ஏற்படுத்தப்பட்ட விவசாயிகள் ஓய்வூதியத் திட்டத்தில், சேர்ந்த பணத்துக்கும் கொடுக்க வேண்டிய பணத்துக்கும் இடையே இடைவெளி வளர்ந்து, ஒரு கட்டத்தில் கொடுப்பனவே நின்றது. சந்தா கட்டிய முதிய கமக்காரர்கள்தான் அந்தப் பாரத்தைச் சுமந்தார்கள்.

பட்டத்துக்கு வருகிறேன். எந்தப் பல்கலைக்கழகப் பட்டமும் தன்னளவில் ஒருவரை அக்சுவரி ஆக்குவதில்லை. பிரித்தானியாவின் இன்ஸ்டிடியூட் அன்ட் ஃபக்கல்ட்டி ஒஃப் அக்சுவரீஸ், அமெரிக்காவின் சொசைட்டி ஒஃப் அக்சுவரீஸ் போன்ற தொழில்சார் அமைப்புகளின் பரீட்சைகளில் ஒவ்வொன்றாகச் சித்தியடைய வேண்டும்; வேலை செய்தபடியே பல ஆண்டுகள் எழுதுவோரே அதிகம். பட்டப் பாடங்கள் சிலவற்றுக்காக ஆரம்பப் பரீட்சைகள் சிலவற்றிலிருந்து விலக்களிப்புக் கிடைக்கலாம். ஆகவே அந்த நிறுவனத்திடம் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பட்டத்துக்கு எந்த அமைப்பின் எந்தெந்தப் பரீட்சைகளிலிருந்து, எத்தனை புள்ளி எடுத்தால் விலக்களிப்பு உண்டு? பதிலை எழுத்தில் வாங்கி, அந்த அமைப்பின் இணையத்தளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அங்கே சேர்க்க வேண்டாம். பாடத்திட்டத்தில் நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும் குறைந்து முகாமைத்துவப் பாடங்களே மிகுந்திருந்தால், அது காப்புறுதி நிர்வாகத்துக்கு உதவும். அக்சுவரி ஆவதற்குப் போதாது.

என் தெரிவைக் கேட்டால், இலவசக் கல்வியில் கிடைக்கும் கணித அல்லது புள்ளிவிபரவியல் பட்டத்தையே சொல்வேன். கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் புள்ளிவிபரவியலுக்கென்று தனித்துறை இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் கணிதம் படிக்கலாம். பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் இவற்றை முன்வரிசையில் போடச் சொல்லுங்கள். பட்டம் படிக்கும்போதே முதற்பரீட்சையை எழுதலாம். கட்டணம் பவுணிலும் டொலரிலும் என்பதால், விற்கத்தான் வேண்டுமென்றால் அந்தப் பணம் பரீட்சைகளுக்குப் போகட்டும்.

பெறுபேறு வரும்வரையான இந்த மாதங்களில், சொசைட்டி ஒஃப் அக்சுவரீஸ் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் நிகழ்தகவுப் பரீட்சையின் மாதிரி வினாக்களை மகள் செய்து பார்க்கட்டும். வினாக்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழ்மொழி மூலம் படித்தவருக்கு ஆரம்பத்தில் அதுவே கணக்கைவிடக் கடினமாகத் தெரியும். நாளுக்கு இரண்டு கணக்கு போதும். அவற்றைச் செய்ய அவளுக்குப் பிடிக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டு எனக்கு மீண்டும் எழுதுங்கள்.