நாலு மணிக்குப் படகில் இருங்கள்

போர்னியோ தீவிலுள்ள மலேசிய மாநிலமான சபாவின் மழைக்காட்டுக்கும் ஆமைத் தீவுக்கும் குடும்பத்தோடு போவது பற்றி வந்த கடிதங்களுக்கு, சண்டகானில் பல ஆண்டுகள் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை இந்த வாரம் பதில் தருகிறார்.

கேள்வி: டீச்சர், வணக்கம். ஆகஸ்டில் நாங்கள் ஐந்து பேர் சபா போகிறோம். கணவர், நான், 12 வயது மகன், 8 வயது மகள், 68 வயது மாமியார். முகவர் ஆறு நாள் திட்டம் ஒன்று கொடுத்திருக்கிறார்: கோத்தா கினாபாலு, கினாபாலு பூங்கா, போரிங் வெந்நீர் ஊற்று, செப்பிலோக் ஓராங் ஊத்தான் மையம், கினாபாத்தாங்கான் ஆற்றில் ஓர் இரவு, செலிங்கான் ஆமைத் தீவு, கடைசியில் செம்பூர்ணா. எல்லாம் பார்த்துவிடலாம்தானே? (கிள்ளான் வாசகி)

பதில்: எல்லா இடத்துக்கும் போய்விடலாம் அம்மா. பார்ப்பதுதான் நடக்காது. கோத்தா கினாபாலுவிலிருந்து சண்டகானுக்குச் சாலையில் ஆறு மணி நேரம் ஆகும். சண்டகானிலிருந்து செம்பூர்ணாவுக்கு இன்னொரு அரை நாள். உங்கள் பிள்ளைகள் சபாவை வேன் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பார்கள்.

சண்டகானுக்கே நேராக விமானம் ஏறுங்கள். கோலாலம்பூரிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதைச் சுற்றி மூன்றே இடம் வைத்துக்கொள்ளுங்கள்: செப்பிலோக், கினாபாத்தாங்கான், செலிங்கான். கினாபாத்தாங்கானில் கட்டாயம் இரண்டு இரவு வேண்டும். முடிந்தால் மூன்று.

ஏன் இப்படி அடித்துச் சொல்கிறேன் என்றால், விலங்குகளுக்கு ஒரு கடிகாரம் இருக்கிறது. நீள்மூக்குக் குரங்குகள் பகலெல்லாம் காட்டுக்குள் இலை தின்றுவிட்டு, மாலை நாலு மணிக்கு மேல் ஆற்றோர மரங்களுக்கு உறங்க வரும். அந்த நேரத்தில் நீங்கள் படகில் இருக்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்குப் போய் நின்றால் வெறும் மரம்தான். ஆறு மணி விடியலில் இருவாச்சிகள் ஆற்றைக் கடக்கும். போர்னியோவில் உள்ள எட்டு வகை இருவாச்சியும் அங்கே உண்டு, இறக்கைச் சத்தமே படகு வரைக்கும் கேட்கும். இருட்டிய பிறகு போனால் முதலையின் கண் விளக்கொளியில் சிவப்பாகத் தெரியும். ஓர் இரவு மட்டும் தங்கினால் ஒரு மாலை, ஒரு காலை, அவ்வளவுதான் கிடைக்கும். அன்று மழை கொட்டினால் அதுவும் போச்சு. இரண்டு இரவு இருந்தால் பிள்ளைகளே இரண்டாம் நாள் மரத்தைக் காட்டி “நேற்று அங்கேதான் இருந்தது” என்பார்கள். அந்த நிலைக்கு வந்த பிள்ளைக்கு அதற்குமேல் யாரும் ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை.

செப்பிலோக்கிலும் அப்படித்தான். பலர் காலை பத்து மணிக்கு ஓராங் ஊத்தான் உணவு மேடையைப் பார்த்துவிட்டுப் பதினொன்றரைக்கு வேனில் ஏறிவிடுகிறார்கள். பக்கத்திலேயே மழைக்காட்டுக் கண்டறி மையம் இருக்கிறது. மாலையில் அதன் உயர நடைபாலத்தில் பேசாமல் நின்றால், பெரிய செம்பறக்கும் அணில் மரத்தின் உச்சியில் ஏறி, கைகால்களை விரித்து, அடுத்த மரத்துக்கு மிதந்து போவதைப் பார்க்கலாம். என் மாணவர்களில் வகுப்பில் வாய் மூடாதவர்கள் அந்தப் பாலத்தில் மூச்சு விடாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

மாமியாரைப் பற்றிக் கவலை வேண்டாம். படகில் உட்கார்ந்து பார்ப்பதுதான் முக்கால்வாசிப் பயணமே. படகில் ஏறி இறங்கும்போது மட்டும் மகன் கை கொடுக்கட்டும்.

கேள்வி: என் மகள் ஓராங் ஊத்தான் குட்டியைத் தூக்கிப் படம் எடுக்க ஆசைப்படுகிறாள். செப்பிலோக்கில் அனுமதிப்பார்களா? கண்டிப்பாகப் பார்க்க முடியுமா? (ஈப்போ வாசகர்)

பதில்: தொட அனுமதி இல்லை. அனுமதிக்கும் இடம் ஒன்று இருந்தாலும் நீங்கள் போகாதீர்கள். நம் சளி, காய்ச்சல், காசநோய் எல்லாம் ஓராங் ஊத்தானுக்கும் தொற்றும். அங்கே இருக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை தாயை இழந்தவை. காட்டில் ஒரு குட்டி ஆறேழு வருடம் தாயோடு ஒட்டித் திரிந்து, எந்தப் பழம் எப்போது பழுக்கும், இரவில் உறங்கக் கிளையை மடக்கிக் கூடு கட்டுவது எப்படி என்று ஒவ்வொன்றாகப் படிக்கும். தாய் அடுத்த குட்டி போட ஏழெட்டு வருடம்கூட ஆகும். செப்பிலோக்கில் 1964 முதல் அந்தத் தாயின் வேலையை மனிதர்கள் செய்கிறார்கள். இந்தக் கதையை மகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கும் நன்றாகப் புரியும், தூக்க வேண்டும் என்று கேட்காது.

கண்டிப்பாகப் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். உணவு மேடைக்குக் காலை பத்துக்கும் மாலை மூன்றுக்கும் பழம் வரும், ஆனால் காட்டில் பழம் காய்த்திருக்கும் மாதங்களில் பெரியவை வராமலே போகும். தானே தேடித் தின்னப் பழகிவிட்டன என்று அர்த்தம். மேடை காலியாக இருந்தால் பிள்ளையிடம் அதையே நல்ல செய்தியாகச் சொல்லுங்கள். குட்டிகள் விளையாடுவதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கலாம். எதிரிலேயே சூரியக் கரடிகளின் காப்பகமும் இருக்கிறது, அதையும் விட்டுவிடாதீர்கள். உலகத்திலேயே மிகச் சிறிய கரடி அது.

கேள்வி: டீச்சர், எனக்கு 10 வயது. நீள்மூக்குக் குரங்குக்கு ஏன் அவ்வளவு பெரிய மூக்கு? காண்டாமிருகம் பார்க்க முடியுமா? (சிரம்பானிலிருந்து ஒரு மாணவன்)

பதில்: நல்ல கேள்வி தம்பி. பெரிய மூக்கு ஆணுக்குத்தான், பெண்ணுக்குச் சின்னதாகக் கூர்மையாக இருக்கும். மூக்கு பெரிதான ஆணைச் சுற்றித்தான் பெண் குரங்குகள் அதிகமாக இருக்கின்றன என்று 2018-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அந்த மூக்கு குரலையும் மாற்றுகிறது. படகில் இருக்கும்போது “ஹாங்க்” என்று ஒரு முழக்கம் வரும், கேட்டுப் பார். வயிற்றையும் கவனி. மாடு மாதிரி அதற்குப் பல அறைகள் கொண்ட வயிறு. கடின இலைகளைப் புளிக்கவைத்துச் செரிக்கும். இனிப்பான பழுத்த பழம் நிறைய தின்றால் வயிறு உப்பி அதன் உயிருக்கே ஆபத்து. அதனால் குரங்கு என்றதும் வாழைப்பழம் நீட்டக் கூடாது, சரியா?

காண்டாமிருகம் பார்க்க முடியாது தம்பி. மலேசியாவின் கடைசி சுமத்ரா காண்டாமிருகம், இமான் என்ற பெண், 2019 நவம்பர் 23 அன்று சபாவில் இறந்துவிட்டது. இந்தோனேசியாவில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. நீ பிறந்த பிறகு நடந்தது இது. யானை இன்னும் இருக்கிறது. போர்னியோ யானை ஆசிய யானைகளிலேயே சிறியது, காட்டில் சுமார் ஆயிரம்தான் மிச்சம். 2024-இல் அழியும் அபாயப் பட்டியலில் அதைத் தனியாகவே சேர்த்தார்கள். ஆற்றங்கரையில் யானைக்கூட்டம் வந்தால் படகோட்டி மாமா இயந்திரத்தை நிறுத்துவார். நீயும் வாயைத் திறக்காதே.

கேள்வி: அட்டைக் கடியும் மலேரியாவும் பயமாக இருக்கிறது. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா? (பினாங்கு வாசகி)

பதில்: இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். பால்மரம் வெட்டப் போன நம் பாட்டிமாருக்கு அட்டை புதிதில்லை. அது இரத்தம் குடிக்கும், நோய் தராது. தரையில் ஊரும் பழுப்பு அட்டை கடிப்பதே தெரியாது. இலைமேல் காத்திருக்கும் புலி அட்டை கடித்தால் சுருக்கென்று இருக்கும். உப்பு, நெருப்பு எதுவும் வேண்டாம். நகத்தை அதன் வாயடியில் செருகித் தள்ளிவிடுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் கொஞ்ச நேரம் வடியும், பிள்ளைகளுக்கு இதை முன்னமே சொல்லிவைத்தால் அழமாட்டார்கள். அட்டைக் காலுறையை முழங்கால்வரை இழுத்துக் கட்டுங்கள். டானம் பள்ளத்தாக்குக் காட்டில் நடக்கப் போகிறவர்களுக்குத்தான் அது கட்டாயம். ஆற்றுப் படகில் அட்டை வராது.

மலேரியா வேறு விஷயம், அதைச் சும்மா விடக் கூடாது. சபாவில் இருப்பது குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் வகை. அது உடம்பில் வேகமாகப் பெருகும். புறப்படுவதற்குச் சில வாரம் முன்னதாகவே மருத்துவரைப் பாருங்கள். தடுப்பு மருந்துகளில் சில சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது, எதைக் கொடுப்பது என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். பொழுது சாய்ந்ததும் முழுக்கைச் சட்டை, கொசுவிரட்டி, வலை. திரும்பி வந்து சில வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் ‘சபா காட்டுக்குப் போனோம்’ என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: செலிங்கான் தீவில் இரவு எத்தனை மணிக்கு ஆமை வரும் என்று தெரியாதாம். பிள்ளைகளை அவ்வளவு நேரம் விழித்திருக்க வைப்பது தேவைதானா? அதோடு, முட்டைகளை மண்ணிலிருந்து தோண்டி எடுப்பது இயற்கையில் கைவைப்பது ஆகாதா? (ஜொகூர் வாசகர்)

பதில்: தேவைதான். மதியமே பிள்ளைகளைத் தூங்க வையுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைக்கு யாரும் போகக் கூடாது, எல்லோரும் கட்டடத்துக்குள் காத்திருக்க வேண்டும். முதல் ஆமை குழி தோண்டி முட்டையிடத் தொடங்கிய பிறகுதான் வனக்காவலர் கூப்பிடுவார். எட்டு மணிக்கும் கூப்பிடலாம், நள்ளிரவு தாண்டியும் கூப்பிடலாம். முன்னதாகவே ஆட்களைக் கண்டால் ஆமை முட்டையிடாமல் கடலுக்குத் திரும்பிவிடும். முட்டை விழத் தொடங்கிவிட்டால் அது பெரும்பாலும் அசையாது. அப்போதும் பின்பக்கமாகத்தான் நிற்க வேண்டும், படம் எடுக்கும் ஒளி கூடாது. அன்று எத்தனை ஆமை வந்தாலும் வருகையாளர்களுக்கு ஒன்றுதான். இந்த விதியை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்வி எனக்குப் பிடித்த கேள்வி. பச்சை ஆமை ஒரு குழியில் ஏறத்தாழ நூறு முட்டை இடும். விட்டுவைத்தால் உடும்பு தோண்டும், அடுத்த ஆமை வந்து அதே இடத்தைக் கிளறும், மனிதர்களும் எடுத்து விற்றிருக்கிறார்கள். அதனால் 1966 முதல் செலிங்கானில் முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றிப் புதைக்கிறார்கள். செலிங்கான், பாக்குங்கான் கெச்சில், குலிசான் மூன்று தீவுகளும் சேர்ந்து 1977-இல் கடல் பூங்கா ஆயின.

மாற்றுவதிலும் நுணுக்கம் இருக்கிறது. இட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் கரு முட்டை ஓட்டில் ஒட்டிக்கொள்ளும், பிறகு புரட்டினால் இறந்துவிடும். அந்தக் காவலர்கள் நள்ளிரவில் வாளியோடு வேகமாக நடப்பது அதனால்தான். அடுத்தது வெப்பம். ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது. சூடு அதிகமானால் பெண். குலிசானில் திறந்த வெயிலில் இருந்த பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சுகள் எல்லாமே பெண் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். பொரிப்பகத்துக்கு நிழல் தேவைப்படுவது இதற்காகத்தான். ஆக, கைவைத்தது உண்மை, கைவைத்த பிறகு கவனமாக இருக்கவும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அதே இரவில், சுமார் இரண்டு மாதம் முன்பு புதைத்த முட்டைகளிலிருந்து வந்த குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். அவை வெளிச்சத்தை நோக்கி ஓடும். உங்கள் மகன் கைவிளக்கை ஏற்றினால் கடலை விட்டுவிட்டு அவனை நோக்கி வரும். விளக்கு காவலர் கையில் மட்டும் இருக்கட்டும்.

கேள்வி: கினாபாத்தாங்கான் கரையிலுள்ள சுக்காவுக்குப் போகும் வழியெல்லாம் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம்தான். காட்டை அழித்துவிட்டு, மிச்சத்தில் ஒதுங்கிக் கிடக்கும் விலங்குகளைக் காசு கொடுத்துப் பார்ப்பது சரிதானா டீச்சர்? (சுங்கை பட்டாணி வாசகி)

பதில்: இந்தக் கேள்வியை யாரும் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். கினாபாத்தாங்கானில் விலங்குகள் எளிதில் கண்ணில் படுவதற்கு ஒரு காரணம், அவற்றுக்கு வேறு போக்கிடம் இல்லாததே. 560 கிலோமீட்டர் ஓடும் அந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில் 2005-இல் சரணாலயமாக அறிவித்த காடு ஏறத்தாழ 26,000 ஹெக்டேர்தான், அதுவும் பத்துத் துண்டுகளாகக் கிடக்கிறது. ஓராங் ஊத்தானுக்கு நீந்தத் தெரியாது. பழைய காட்டில் ஓடைகளின் மேல் கிளையோடு கிளை கோத்திருந்தது, அவை கடந்துவிடும். இப்போது ஹுத்தான் என்ற அமைப்பு கயிற்றுப் பாலம் கட்டிக்கொடுக்கிறது, அவையும் அதில் நடக்கப் பழகிவிட்டன.

நானும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். செம்பனை போட்ட சோற்றில்தான் என் வீட்டில் பலர் படித்தார்கள். அதை வெறும் பகையாகப் பேச என்னால் முடியாது. ஆனால் அந்த இரண்டரை மணி நேரச் சாலையில் பிள்ளைகள் கைப்பேசியில் இருக்கக் கூடாது, வெளியே பார்க்க வேண்டும். ஒரே உயரத்தில் ஒரே மரம் எவ்வளவு தூரம் போகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று அவர்களே சொல்லட்டும்.

போவது சரிதான் என்றே நினைக்கிறேன், பணம் யார் கைக்குப் போகிறது என்று பார்த்துப் போனால். பத்து பூத்தே கிராமத்தில் கோப்பெல் என்ற கூட்டுறவு, கிராமத்தார் வீடுகளில் தங்க ஏற்பாடு செய்கிறது. விருந்தினர்களோடு சேர்ந்து மரக்கன்றும் நடுகிறார்கள். சொகுசு குறைவு, பேச்சு அதிகம். உங்கள் பிள்ளைகள் அங்குள்ள பிள்ளைகளோடு ஆற்றோரம் திரிவார்கள். விடுதியா கிராமத்து வீடா என்று கேட்டால் நான் வீட்டைத்தான் சொல்வேன்.

கேள்வி: எந்த மாதம் நல்லது? என்ன எடுத்துப் போவது? (பல வாசகர்கள்)

பதில்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குக் கரையில் மழை அதிகம், கடலும் கொந்தளிக்கும். ஆமைகள் ஆண்டு முழுவதும் வரும் என்றாலும் ஜூலை முதல் அக்டோபர் வரை அதிகம். தீவில் தங்க இடம் குறைவு, அதனால் முதலில் தீவுக்குத் தேதி வாங்கிவிட்டு, மற்றதை அதைச் சுற்றி அமையுங்கள். கிழக்குக் கரைக் கடலில் பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் உண்டு, இரவில் படகு ஓட்டுவதற்கும் பல ஆண்டுகள் தடை இருந்திருக்கிறது. பயணத்துக்கு முன் அப்போதைய அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொலைநோக்கி ஒன்றுக்கு இரண்டாக எடுங்கள், இல்லாவிட்டால் படகிலேயே சண்டை வரும். மங்கலான நிறத் துணி, மழைச்சட்டை, நனையாத பை. செப்பிலோக்கில் பையை வெளியே வைக்கச் சொல்வார்கள், குரங்குகள் பிடுங்கும். தீபகற்பத்திலிருந்து போகிறவர்களுக்கும் சபாவில் குடிநுழைவுச் சோதனை உண்டு. மைகாட் அடையாள அட்டையையும் பிள்ளைகளின் ஆவணங்களையும் பெட்டிக்குள் போடாமல் கையில் வையுங்கள். நுழைவுக் கட்டணம் மலேசியர்களுக்குக் குறைவு, அங்கேயும் அதே அட்டையைத்தான் கேட்பார்கள்.